மருந்துப் படிப்பும் மறைபொருளும்

நமது நாட்டில் மருந்து என்பது வெகுகாலமாக ஒருவன் மற்றொருவனுக்குச் சொல்லக் கூடாத சங்கதியாகவே இருந்து வந்திருக்கின்றது. தகப்பன் சாகும் தருவாயில் மகன் காதில் சொல்லுவான். மகனில்லாவிட்டால் மருந்தும் தகப்பனோடு சுடுகாட்டுக்குப் போய்ச் சேரும். வெளியே சொன்னால் பலிக்காது என்பது ஒரு பூட்டு. குரு சாபம் என்பது அதன்மேல் ஓர் அரக்கு முத்திரை. ஏட்டில் எழுதினவனும் பரிபாஷை என்று சொல்லிக் கொண்டு, உப்புக்கொரு பேரும் ரசத்துக்கொரு பேரும் வைத்து, படித்தவனுக்கும் விளங்காதபடி எழுதி வைத்தான். இப்படி மறைத்ததனால் மருந்து காப்பாற்றப்பட்டதா என்றால் இல்லை. எது நல்ல மருந்து, எது வெறும் சாம்பல் என்று நாலு பேர் சோதித்துப் பார்க்க வழியில்லாமற் போனதுதான் கண்ட பலன்.

மறைப்பு ஒரு கேடென்றால் அதற்கு உடன்பிறந்த கேடு மற்றொன்று. மனுதர்ம சாஸ்திரமானது வைத்தியனைச் சிரார்த்தத்துக்குக் கூப்பிடக் கூடாதவர் வரிசையில் வைத்து, அவன் வீட்டுச் சோறும் உண்ணத் தகாததென்று தள்ளியிருக்கின்றது. நோயாளியைத் தொட்டவனும், சீழைத் துடைத்தவனும், பிள்ளைப்பேறு பார்த்தவளும் கீழ்ஜாதி. எதையும் தொடாமல் எட்ட நின்று சுலோகம் சொன்னவன் மேல்ஜாதி. அறிந்தவன் செய்யமாட்டான், செய்கிறவன் அறியக் கூடாது என்கின்ற இந்த வருணாசிரம ஏற்பாடு, பார்மஸி காலேஜ் என்று சொல்லப்படும் நமது மருந்துக் கல்லூரிகளுக்குள்ளும் எப்படிப் புகுந்து குடியிருக்கின்றது என்பதைப் பின்னால் சொல்லுவோம். அதற்கு முன் கடல் கடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த காரியத்தை வாசகர்கள் தெரிந்து கொள்ள வேண்டும்.

பைரிமெத்தமைன் என்று ஒரு மருந்து. அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாரும் ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் என்பவரும் கண்டுபிடித்தது. 1953 முதல் டாராப்ரிம் என்ற பேரில் விற்கப்பட்டு வருவது. முதலில் மலேரியாவுக்கும், பிறகு டாக்சோபிளாஸ்மோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய்க்கும் கொடுக்கப்பட்டது. எய்ட்ஸ் கண்டவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அந்த நோய் வந்தால் இம்மருந்து உயிர் காக்கும் மருந்து. கண்டுபிடித்த இருவருக்கும் 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே இது புதிதுமல்ல, ரகசியமுமல்ல. இதன் பேடன்ட் காலமும் எப்போதோ தீர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் 2015-ல் மார்ட்டின் ஷ்க்ரெலி என்ற ஆசாமியின் கம்பெனி இதை அமெரிக்காவில் விற்கும் உரிமையை வாங்கி, மாத்திரை ஒன்று 13.50 டாலராக இருந்ததை ஒரேயடியாக 750 டாலர் ஆக்கிற்று. ஆஸ்திரேலியாவிலோ அதே சமயத்தில் 50 மாத்திரை 13 டாலர் சுமாருக்குக் கிடைத்து வந்தது. கோயில் கர்ப்பக்கிரகத்தில் ஒருவன் நின்றுகொண்டு தட்டில் விழுந்தால்தான் தரிசனம் என்பதற்கும் இதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இதைக் கேள்விப்பட்ட ஆலிஸ் வில்லியம்சன் என்ற அம்மையார், சிட்னி சர்வகலாசாலையில் ரசாயனம் கற்பிப்பவர், அதே ஊர் சிட்னி கிராமர் பள்ளியின் பதினாறு பதினேழு வயதுப் பையன்களிடம் இந்த மருந்தைப் பள்ளிக்கூட ஆய்வுச்சாலையிலேயே செய்து பார்க்கலாமா என்று கேட்டார். அது லேசான காரியமல்ல. பழைய முறையில் டயஸோமீத்தேன் என்ற, வெடிக்கவும் கூடிய விஷப் பொருள் ஒன்று வேண்டும். அதைப் பள்ளிக்கூடத்துக்குள் விடமுடியாது. வேறு வழி தேடினார்கள். சில வழிகள் சரிவரவில்லை. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கின்றது. சரிவந்ததை மட்டுமல்ல, சரிவராததையும் அவர்கள் அன்றாடம் இன்டர்நெட்டில், உலகத்தில் எவனும் படிக்கும்படியாக எழுதி வைத்தார்கள். படித்தவர்கள், முன்பின் அறியாதவர்கள், இப்படிச் செய்து பாருங்கள் என்று பதில் எழுதினார்கள். வாத்தியார் பிழைவிட்டாலும் அந்தப் பிழை எல்லோர் கண்ணிலும் பட்டது. கடைசியாக 17 கிராம் மூலப்பொருளிலிருந்து 3.7 கிராம் மருந்து எடுத்தார்கள். அது சுத்தமானதுதானா என்று சர்வகலாசாலையில் சோதிக்கப்பட்டது. 2016 நவம்பரில் பெரிய ரசாயன நிபுணர்கள் கூடிய சபையில் பையன்களே எழுந்து நின்று தாங்கள் செய்ததைச் சொன்னார்கள்.

செலவு சுமார் 20 அமெரிக்க டாலர். 3.7 கிராமை 25 மில்லிகிராம் மாத்திரையாகக் கணக்கிட்டால் 148 மாத்திரை. ஷ்க்ரெலி கம்பெனியின் விலையில் அது ஒரு லட்சத்துப் பதினோராயிரம் டாலர்! இருபதுக்கும் லட்சத்துக்கும் நடுவிலிருந்தது ரசாயனமா? அல்லவே அல்ல.

பையன்கள் செய்த பொடியை எந்த நோயாளியாவது தின்பானா என்று நம்மவர் ஒருவர் கேட்கக் கூடும். தின்னக் கூடாதுதான். மனிதன் வாயில் போடும் மாத்திரைக்கு வேண்டிய பரீட்சைகள் வேறே இருக்கின்றன. அவர்களும் விற்பதற்காகச் செய்யவில்லை. இந்தப் பையன்கள் செய்ததனால் அமெரிக்காவில் விலை மறுநாளே இறங்கிவிடவுமில்லை. போட்டி மாத்திரைக்கு அங்கு அனுமதி கிடைக்க 2020 ஆயிற்று. ஷ்க்ரெலியை மருந்து வியாபாரத்தில் ஆயுள் பரியந்தம் தலையிடக் கூடாதென்று கோர்ட்டு தடுத்தது 2022-ல்தான். ஆனால் மருந்து விலையேறியதற்குக் காரணம் மருந்திலே இல்லை, அதைப் பூட்டி வைத்தவனிடத்திலே இருக்கின்றது என்பதை மீசை முளைக்காத பையன்கள் 20 டாலரில் ருஜுப்படுத்தினார்கள். ஆயிரம் பிரசங்கம் செய்தாலும் இவ்வளவு விளங்காது.

நிற்க. இந்தப் பையன்களுக்குத் துணை நின்றவர்களில் மாத்யூ டாட் என்பவர் ஒருவர். அவருடைய ஆராய்ச்சிக் கூட்டத்தின் விதிகளில் முக்கியமானவை எவையென்றால், கண்டதெல்லாம் எல்லோருக்கும் பொது, யாரும் எந்த நிலையிலிருந்தும் சேரலாம், பேடன்ட் கிடையாது, தனிக் கடிதத்தைவிடப் பகிரங்க விவாதமே மேல் என்பவையாகும். அவர் 2018-ல் லண்டன் யூனிவர்சிடி காலேஜின் பார்மஸி பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவரும், ஹாலந்து தேசத்து ராட்டர்டாமிலுள்ள எராஸ்மஸ் வைத்தியசாலை ஆராய்ச்சிக்காரர்களும், கைவிடப்பட்ட நோய்களுக்கு மருந்து தேடும் லாபநோக்கமற்ற ஸ்தாபனம் ஒன்றும் கூடி நடத்தும் பகிரங்க ஆராய்ச்சி எந்த நோயைப் பற்றியதென்றால், அது நம் மதுரையின் பேரைக் கொண்ட நோயாகும்.

அதிசயமாயிருக்கலாம், உண்மை. 1842-ல் மதுரையில் வேலை பார்த்த ஜான் கில் என்ற ஆங்கில டாக்டர், இந்த ஜில்லாக் குடியானவர்களின் பாதம் வீங்கி, கட்டிகட்டியாகி, துளைதுளையாய்ச் சீழும் குருணையும் வடிவதைக் கண்டு எழுதி வைத்தார். அதிலிருந்து உலகம் முழுவதும் வைத்திய புஸ்தகங்களில் அதற்கு மதுரைக்கால் என்று பேர். பம்பாயிலிருந்த வான்டைக் கார்ட்டர் என்ற டாக்டர் 1860-ஐ ஒட்டிய வருஷங்களில் இது பூஞ்சையால் வருவதென்று காட்டினார். சிலவகை பாக்டீரியாவாலும் வருமென்று பின்னால் தெரிந்தது. பூஞ்சைவகைக்குக் காரணமான கிருமி ஒன்றின் லத்தீன் பேரிலும் மதுரை ஒட்டிக் கொண்டிருக்கின்றது. இது யானைக்கால் அல்ல. அது கொசுவால் வருவது. இது செருப்பில்லாத காலில் முள் குத்தி, மண்ணிலிருக்கும் கிருமி உள்ளே போய் வருவது. ஆகவே முன்ஜென்மப் பாவமும் நாகதோஷமும் இதற்குக் காரணமல்ல. காலில் செருப்பில்லாததே காரணம். செருப்புப் போட்டுக் கொண்டு மேல்ஜாதித் தெருவில் நடக்கக் கூடாதென்று சட்டம் வைத்திருந்த நாட்டில் இந்த நோய்க்கு ஊர்ப்பேர் கிடைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பாக்டீரியா வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படும். பூஞ்சைவகை எளிதில் கட்டுப்படாது. மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் விலையுயர்ந்த மாத்திரை தின்ன வேண்டும், அறுக்க வேண்டும், திரும்பி வந்தால் திரும்ப அறுக்க வேண்டும். பலருக்குக் காலையே எடுத்துவிடுகிறார்கள். வருவதோ உழவனுக்கும் ஆடுமாடு மேய்ப்பவனுக்கும். கால் போனால் அவன் பிழைப்பும் போயிற்று. அவனிடம் காசில்லாததால் எந்தக் கம்பெனிக்கும் இதில் அக்கறையில்லை. உலக சுகாதார ஸ்தாபனமே இதைக் கைவிடப்பட்ட நோய்களின் ஜாபிதாவில் சேர்த்தது 2016-ல்தான். அதாவது கில் எழுதி 174 வருஷங் கழித்து.

லாபமில்லாத இந்த வேலையை யார் செய்கிறார்கள்? பெரும்பகுதி மாணவர்கள். லண்டனில் மருந்துப் படிப்புப் படிப்பவர்கள் தங்கள் பரீட்சைக்காகச் செய்யவேண்டிய ஆய்வுவேலையிலேயே இதற்கான புதுப் பொருள்களைச் செய்கிறார்கள். ராட்டர்டாமில் அவற்றைக் கிருமியின்மேல் விட்டுப் பார்க்கிறார்கள். கிருமி செத்ததும் சாகாததும் எல்லோரும் படிக்கும்படி வெளியாகின்றது. ஒருவன் தோற்ற இடத்தில் அடுத்த வருஷத்து மாணவன் தொடங்குகிறான். பீகார் ஏழைகளைத் தின்னும் காலா ஆஜார் நோய்க்கும் 2016 முதல் இதே மாதிரி பல தேசத்துக் கல்லூரி மாணவர்கள் பாடத்தோடு பாடமாகப் பொருள்கள் செய்து அனுப்புகிறார்கள்.

பகிரங்கப்படுத்துவதன் அருமை இன்னொரு பக்கத்திலிருந்தும் விளங்குகின்றது. இந்த மதுரைக்கால் நோய்க்கென்றே சூடான் தேசத்துத் தலைநகரமான கார்ட்டூமில் 1991-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. உலகத்தில் இந்நோயை அதைவிட அறிந்த இடம் வேறில்லை. 2023-ல் அங்கு மூண்ட உள்நாட்டு யுத்தத்தில் அது நாசமாயிற்று. நாற்பது வருஷத்துக்கு மேல் சேர்த்த விவரங்களும் மாதிரிகளும் போய்விட்டன என்று அதன் தலைவர் 2025-ல் சொன்னார். ஒரு கட்டடத்துக்குள் மட்டும் இருந்தது கட்டடத்தோடு போயிற்று. பத்து தேசத்து மாணவர்களின் கையில் பரவியிருந்ததை எந்தக் குண்டும் தொடவில்லை.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். மருந்துப் படிப்பு இங்கே சர்வகலாசாலைப் படிப்பாக ஆரம்பித்தது 1932-ல், காசி இந்து சர்வகலாசாலையில், மகாதேவ லால் ஷ்ராப் என்பவர் முயற்சியால். (காசியில் நடந்த உருப்படியான காரியங்களில் இதுவொன்று என்று சொல்ல நமக்கு ஆட்சேபணையில்லை.) 1948-ல் பார்மஸி சட்டம் வந்தது. இன்று ஜில்லாவுக்கு ஜில்லா மருந்துக் கல்லூரி இருக்கின்றது. கம்பவுண்டர் என்று ஏளனமாய்ச் சொல்லப்பட்ட வேலைக்கு இன்று நம் பிள்ளைகள், முக்கியமாய் முதன்முதல் பள்ளிக்கூட வாசலை மிதித்த குடும்பத்துப் பெண்கள், பட்டம் வாங்கிக் கொண்டு வருகிறார்கள். இது சந்தோஷமே. ஆனால் அவர்களில் அநேகர் அங்கே கற்றுக் கொண்டு வருவது என்ன?

ரிக்கார்டு நோட்டு என்பது ஒன்று. போன வருஷத்து மாணவன் அதற்கு முந்தின வருஷத்து மாணவனைப் பார்த்து எழுதியதை இந்த வருஷத்து மாணவன் பார்த்து எழுதுகிறான். பாரசிட்டமால் மாத்திரையில் சொன்ன அளவுக்கு நூற்றுக்கு 95 முதல் 105 வரை மருந்து இருக்க வேண்டுமென்பது விதி. மாணவன் சோதித்துப் பார்க்கையில் 88 என்று வந்தால் என்ன செய்ய வேண்டும்? மாத்திரையில் குறையா, தன் கையில் குறையா என்று பக்கத்துப் பையனோடு சேர்ந்து திரும்பச் செய்ய வேண்டும். அவன் செய்வதோ, 99 என்று முதலில் எழுதி, அதற்கேற்ற பியூரெட்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதுவது. 88 என்று உண்மை எழுதினவனுக்கு மார்க்குக் குறைகின்றது. 99 என்று பொய் எழுதினவனுக்கு முழு மார்க்கு. பல இடங்களில் கரைசல் கலக்குவது அட்டெண்டர், பார்ப்பது மாணவன், கையெழுத்துப் போடுவது வாத்தியார். செய்கிறவன் அறியக் கூடாது, அறிந்தவன் செய்யமாட்டான் என்று மேலே சொன்னோமே, அது இதுதான். ஆயுத பூஜை வந்தாலோ, வருஷமெல்லாம் தொடாத அந்தத் தராசுக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் சந்தனம் குங்குமம் அப்பிப் பொரிகடலை வைத்துக் கும்பிடுகிறார்கள்! கண்ணாடியில் சந்தனம் பட்டால் கருவி கெடும் என்றாவது அந்தப் படிப்புச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா?

இது பிள்ளைகள் விளையாட்டுத்தானே என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்திய மாகாணத்துச் சிந்துவாரா ஜில்லாவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், மூத்திரம் கட்டி, சிறுநீரகம் கெட்டு இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த மருந்து போனது நம் காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து. டை எதிலீன் கிளைகால் என்ற விஷம் நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாத மருந்தில் 48.6 பங்கு இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவே கண்டது. இதே விஷம் 1937-ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றிருக்கின்றது. 1972-ல் சென்னையிலும், 1986-ல் பம்பாயிலும், 2020-ல் ஜம்முவிலும் கொன்றிருக்கின்றது. இதைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றும் தேவரகசியமல்ல. மருந்துக் கல்லூரி மாணவன் படிக்கும் சோதனையே. அது ஒழுங்காக நடந்திருந்தால் அந்தப் பாட்டில் வெளியே போயிருக்காது. 88-ஐ 99 என்று எழுதப் பழக்குகிற கல்லூரிக்கும் இருபது சவப்பெட்டிகளுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல நமக்குத் தைரியமில்லை.

நம் பிள்ளைகளுக்குச் சக்தியில்லை என்பதும் பொய். 2008-ல் இந்திய சர்க்காரின் விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகம் க்ஷயரோகத்துக்குப் பகிரங்கமாக மருந்து தேடும் திட்டம் ஒன்று தொடங்கிற்று. 2010-ல் பல ஊர்க் கல்லூரிகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் இன்டர்நெட் மூலம் கூடி, க்ஷயக் கிருமியின் சுமார் 4000 ஜீன்களைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் அறிந்ததைத் திரட்டினார்கள். நிபுணர்கள் பார்க்கும் முன்னே பத்திரிகைக்காரர்களிடம் வெற்றி என்று சொல்லிவிட்டார்கள் என்று சில விஞ்ஞானிகள் கண்டித்தார்கள். கண்டித்தது நியாயமே. பகிரங்கமாய்ச் செய்த காரியமாதலால் கண்டிக்கவும் முடிந்தது. ஜாதி என்ன, ஊர் என்ன, எந்தக் காலேஜ் என்று கேட்காமல் வேலையைப் பங்கு போட்ட அந்த மாதிரி நமக்கு வேண்டியதாயிருக்கின்றது.

அதற்கு இடமும் இப்போதே இருக்கின்றது. பி.பார்ம். படிப்பின் எட்டாவது பருவத்தில் ஒவ்வொரு மாணவனும் புராஜெக்ட் செய்ய வேண்டும்; ஐந்து பேர் வரை கூடிச் செய்யலாம் என்று விதியிலேயே இருக்கின்றது. இப்போது அது என்ன ஆகின்றது? பல இடங்களில் காசுக்கு எழுதிக் கொடுப்பவனிடம் வாங்கி, காலிகோ அட்டை போட்டு, பொன்னெழுத்து அச்சிட்டு, அலமாரியில் வைத்துக் கரையானுக்குக் கொடுக்கிறார்கள். ஐந்து பேரில் ஒருவன் செய்ய நால்வர் கையெழுத்திடுவதுமுண்டு. இதற்குப் பதிலாக அந்த ஐவரும் தங்கள் ஊர்ச் சந்தையில் விற்கும் சர்க்கரைவியாதி லேகியத்தை வாங்கி, அதில் அலோபதி மாத்திரை பொடி செய்து கலந்திருக்கின்றதா என்று பார்த்தால் என்ன? சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை வெயிலில் கிடந்தால் எத்தனை மாதத்தில் வீரியம் கெடுகின்றது என்று பார்த்தால் என்ன? மதுரைக் கல்லூரியும் சேலம் கல்லூரியும் ஒரே மாத்திரையைத் தனித்தனியே சோதித்து, கணக்கு ஒத்துவருகின்றதா என்று ஒன்றுக்கொன்று எழுதிப் பார்த்தால் என்ன? ஒத்துவராவிட்டால் இன்னும் நல்லது, அங்கேதான் படிப்பு ஆரம்பிக்கின்றது. கிடைத்த முடிவு, தோற்றதாயிருந்தாலும், இங்கிலீஷில் நிபுணர்களுக்கும் தமிழில் ஊராருக்கும் சொல்லப்பட வேண்டும். தமிழில் சொல்ல முடியாத ஆராய்ச்சி அந்த மாணவனுக்கே விளங்கவில்லை என்று அர்த்தம்.

இதற்குத் தடை சொல்ல வாத்தியார்கள் வருவார்கள் என்பது நமக்குத் தெரியும். மாணவன் கண்டது தப்பாயிருந்து கல்லூரிப் பேர் கெட்டுவிட்டால்? கம்பெனிக்காரன் கோபித்துக் கொண்டால்? ஐந்து பேருக்கு எப்படி மார்க்குப் போடுவது? கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம். அன்றன்று யார் என்ன செய்தார்கள் என்பது தேதி போட்டுப் பகிரங்கமாக எழுதப்பட்டிருந்தால், வேலை செய்தவனும் சும்மா இருந்தவனும் தானாகத் தெரிவார்கள். முதலிரண்டு கேள்விகளும் பயத்தின் கேள்விகள். துரோணாச்சாரியாருக்கும் அந்தப் பயம்தான். மறைந்திருந்து கற்றவன் தன் சீடனைவிட நன்றாய்ச் செய்துவிட்டான் என்பதற்காகக் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார். இன்றைக்குக் கட்டைவிரலைக் கேட்பதில்லை. இன்டர்னல் மார்க்கில் கை வைக்கிறார்கள்.

ஆகவே மருந்துக் கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நம் தோழர்கள், லீவுக்கு வரும் பிள்ளையிடம் எவ்வளவு மார்க்கு என்பதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். நீ சோதித்தபோது என்ன வந்தது, நோட்டில் என்ன எழுதினாய் என்று. இரண்டும் வேறாயிருந்தால் பிள்ளையைக் கோபிக்காமல் கல்லூரிக்குப் போய் வாத்தியாரைக் கேட்க வேண்டும். மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது, நாலைந்து பேராய்க் கூடி உங்கள் ஊரில் விற்கும் ஒரு மருந்தையோ லேகியத்தையோ சோதித்து, செய்தது இன்னது, வந்தது இன்னது, தப்பியது இன்னது என்று ஒளிக்காமல் தமிழில் எழுதியனுப்புங்கள். மதுரைக்கால் நோயைப் பற்றி மதுரைப் பக்கத்து மாணவர்கள் எழுதுவதானால் முதலிடம் கொடுப்போம். உங்கள் முடிவை மறுத்து மற்றொரு கல்லூரி மாணவர் எழுதினால் அதையும் அடுத்த வாரமே பிரசுரிப்போம்.